பரிசத்தன்று அவர் சொல்ல வேண்டியது

என் கொழுந்தனாருக்கு ஒரு பழக்கம். யாராவது பேசத் திணறினால் போதும், பாதியில் பிடுங்கி மீதியைத் தானே பேசி முடித்துவிடுவார். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அது அவருக்கு ஒரு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. "அண்ணன் என்ன சொல்ல வராருன்னா..." என்று ஆரம்பிப்பார். அண்ணன் சொல்ல வந்தது தேத்தண்ணியில் சூடு போதாது என்பதாக இருக்கும். தம்பி சொல்லி முடிப்பது, அண்ணனுடைய காரை இனிமேல் தானே ஓட்டிக்கொள்ளலாம் என்பதாக இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் மகளுக்குப் பரிசம் போட நாள் பார்த்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் வழக்கத்தில் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு தாம்பாளத்தோடு எதிரெதிரே நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா, "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்பார். பெண்ணின் அப்பா, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்பார். மூன்று முறை சபை கேட்கச் சொல்லித் தட்டு மாற்றினால்தான் அது பேச்சு. அப்பாவால் முடியாவிட்டால் பங்காளி சொல்லலாம். கொழுந்தனார் அதற்கென்று புதுச் சட்டையே தைத்துவிட்டார்.

மகள் ஒரே பிடியாக நின்றாள். "அப்பா சொன்னாத்தான் பரிசம். சித்தப்பா சொல்றதா இருந்தா எனக்கு ஒண்ணும் வேணாம் லா."

"அவரால முடியலன்னா என்னடி பண்ணுவ?"

"முடியும். நீ பேசாம இருந்தா முடியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை.

அவருக்குப் புத்தி துளியும் மங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லோரியை இத்தனை வருஷம் மலைமேல் ஓட்டிய மனிதர். இன்றைக்கும் எந்த வளைவில் மண் சரியும் என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் வராது. உப்பு வேண்டும் என்று நினைப்பார், வாய் "சாவி" என்னும். தப்பாகச் சொன்னது தனக்கே கேட்டுவிடும், முகம் சிவந்து மேசையில் அடிப்பார். பார்க்கிற எனக்குத் தாங்காது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே உப்பையும் சாவியையும் எடுத்து வைத்துவிடுவேன்.

புதன்கிழமைகளில் பிரிஞ்சாங் டவுனில் ஒரு கிளினிக் மாடியில் இப்படிப்பட்டவர்களுக்குக் கூட்டாகப் பேச்சுப் பயிற்சி நடந்தது. ஈப்போவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் அதற்காகவே மலையேறி வருவாள். நோயாளிகள் வட்டமாக உட்கார வேண்டும். வீட்டுக்காரர்கள் சுவரோரம், வாய் திறக்கக் கூடாது. முதல் நாளே என்னைப் பிடித்துவிட்டாள். அவர் "த... த..." என்று தொடங்கினார், நான் "தண்ணி வேணுமா?" என்று எழுந்துவிட்டேன். அவள் சிரித்தபடி கையைக் காட்டி, "துங்கு" என்றாள். பொறு என்று அர்த்தம். இந்த வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அடங்கி உட்கார்ந்தேன். எரிச்சல்தான். ஆனால் நான் உட்கார்ந்த பிறகு, ரொம்ப நேரம் கழித்து, அவர் "தம்பி" என்றார். தண்ணீர் அவருக்கு வேண்டவே இல்லை. தம்பி காரை எடுத்துக்கொண்டு போனதைத்தான் சொல்ல வந்திருக்கிறார்.

ஆளுக்கொரு வாக்கியம் கொண்டுவரச் சொன்னாள், உங்களுக்கு ரொம்ப அவசியமானது எதுவோ அது என்று. கியா பார்மில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சீன முதலாளி, தவ்கே என்றுதான் கூப்பிடுவோம், செடிக்கு ரொம்பத் தண்ணி விடாதே என்று வேலைக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். அதையும் வாயால் அல்ல, கையால்தான் காட்டினார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஒரு அக்காவுக்கு, "எனக்குச் சீனி வேணாம்" என்ற ஒன்றுதான். மருமகள் தினமும் தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போடுகிறாளாம். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் எனக்குப் பேச அனுமதி கிடைத்தது. பரிசத்து வாக்கியத்தை மலாயில் விளக்கினேன்.

அந்தப் பெண் யோசித்தாள். உனக்கு, எனக்கு என்று வருகிற சொற்களில்தான் இவர் அதிகமாகத் தடுமாறுகிறார், வேறு எதையாவது எடுத்துக்கொள்ளலாமே என்றாள். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். தவ்கேயின் காப்பி கவிழ்ந்தது. அதன் பிறகு அவள் வேறு வாக்கியம் கேட்கவில்லை.

இடது கையால் தொடையில் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டாகச் சொல்லப் பழக்கினாள். பரி-சம். எங்-களுக்கு. பொண்-ணு. உங்-களுக்கு. வலது கையில்தான் அவருக்குச் சுரணை குறைந்திருந்தது, இடது கை நன்றாக இருந்தது. கை தட்டினால் வாய் பின்னாலேயே வந்தது. முதலில் "பொண்ணு எங்களுக்கு" என்றுதான் வரும். தவ்கே கெக்கேகெக்கே என்று சிரிப்பார், தமிழ் தெரியாவிட்டாலும் தப்பு என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவரே தொடையில் தட்டிக் கூடச் சொல்வார். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அறையில் எல்லோருக்கும் அந்த வாக்கியம் பாடமாகிவிட்டது. கடைசிப் புதன்கிழமை என் கணவர் மூன்று முறையும் பிசகாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா என்னைப் பார்த்து, "சீனி வேணாம்" என்று ஆறுதல் சொன்னாள்.

பரிசம் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். மூன்று மணிக்கு நல்ல நேரம் குறித்திருந்தோம். நாலரைக்கு ராகு காலம். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் கியா பார்ம் ரோடு எப்படி இருக்கும் என்று இந்த மலைக்காரர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி வாங்கக் கீழேயிருந்து வரும் கார்கள் நடு ரோட்டிலேயே நின்றுவிடும். "ஜாம்ல மாட்டிக்கிட்டோம், நகரவே இல்ல" என்று மாப்பிள்ளை போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் மண்டபத்தில் கால் வைத்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவுக்கு வாதமாமே என்று அவர் முன்பே இரண்டு பேரிடம் விசாரித்தது எனக்குத் தெரியும். குறைத்துச் சொல்வானேன், நியாயமான பயம்தான். விளக்கேற்றி, பூ வைத்து, ஒருவர் கால் ஒருவர் மிதிக்க எல்லாம் ஓட்டமாக நடந்தது. மகள் உள்ளறையில் இருந்தாள். கூப்பிட்ட பிறகுதான் வரவேண்டும்.

சம்பந்தி கணீரென்று சொன்னார். "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு."

என் கணவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்தேன். தேங்காயும் பழமும் சேலையுமாக நல்ல கனம். அவர் இடது கையைத் தட்டின் அடியில் கொடுத்துத் தாங்கி, வலது கையை மரியாதைக்கு மேலே வைத்திருந்தார். உதடு கோணியது. "பரி..." என்றார். மறுபடி "பரி..." அப்புறம் "பொண்ணு எங்..." என்று வந்து, தப்பென்று தெரிந்து, சட்டென்று நிறுத்தினார். சபையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வாக்கியம் முழுசாக என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மணி ஆவுதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கொழுந்தனார் முன்னால் வந்தார். "அண்ணன் என்ன சொல்ல வராருன்னா, பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு. பரிசம் எங்களுக்கு, பொண்ணு..." மூன்று முறையும் மளமளவென்று முடித்துவிட்டார். "ஆச்சு, ஆச்சு, தட்ட மாத்துங்க" என்றது சபை.

என் கணவர் தட்டைக் கொடுக்கவில்லை. சம்பந்தி தன் தட்டை நீட்டி நின்றார். இவர் தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், தட்டின் அடியில் அவருடைய இடது விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. தட்டப் பார்க்கின்றன, தட்ட முடியவில்லை. இத்தனை புதன்கிழமைகள் பழகினோமே, ஒரு நாளாவது இவர் கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்துப் பார்த்தோமா? அந்த மலாய்ப் பெண்ணுக்குத் தெரியாது, அவளைக் குறை சொல்ல முடியாது. ஊரில் எத்தனை பரிசம் பார்த்திருக்கிறேன், எனக்கு எங்கே போயிற்று புத்தி!

"என்னங்க, தட்ட நான் புடிச்சிக்கிறேன். நீங்க கைய விடுங்க" என்றேன்.

"பொம்பள ஒருத்தியே தட்டு புடிக்கறதா? எந்த ஊரு வழக்கம் அண்ணி இது?" என்றார் கொழுந்தனார்.

"இந்த ஊரு வழக்கம்தான் தம்பி. சித்த வாய மூடிக்கிட்டு நில்லுங்க."

நான் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைக் காட்டினார். "நாலரை ஆயிருச்சு. இனிமே ராகு காலம். இதுல பேசுனா வெளங்காது. தம்பி சொன்னதையே சொன்னதா வச்சிக்குவோம், இல்லன்னா இன்னொரு நாள் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் என்னவென்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மலையிறங்கிப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமல் மகள் வெளியே வந்தாள். பட்டுச் சேலையோடு சபை நடுவே நின்று, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அத்த, கெட்ட நேரம்னா அது எனக்குத்தான? வரட்டும், நான் பாத்துக்கிறேன். எங்கப்பா இன்னும் சொல்லல. அவரு சொல்லட்டும்."

சம்பந்தி தன் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை, "வெயிட் பண்ணலாம்பா" என்றார். சம்பந்தி தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து, இந்த முறை நிதானமாகச் சொன்னார். "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு."

கனம் முழுவதும் என் கைக்கு வந்தது. அவர் இடது கை தொடைக்கு இறங்கியது. தட்டினார். "பரி-சம். எங்-களுக்கு. பொண்-ணு. உங்-களுக்கு." வேர்வை காதோரம் வழிந்தது. இரண்டாவது முறை இன்னும் மெதுவாக, ஆனால் ஒரு சொல்லும் புரளாமல் வந்தது. என் தோள் இற்றுவிடும்போல வலித்தது.

மூன்றாவது முறை "பரிசம் எங்களுக்கு" வந்தது. "பொண்ணு" என்றார். கை அப்படியே நின்றுவிட்டது.

போச்சு, மாட்டிக்கொண்டது என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சொல் மாட்டிக்கொண்டால் அவர் முகம் எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும். நெற்றி சுருங்கும், உதடு இழுக்கும். அன்று ஒன்றும் இல்லை. முகம் அமைதியாக இருந்தது. சொல் வாயிலேயே இருந்தது. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியம் வருமா வராதா என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை மாதம் தவித்தோம். அது என்ன சொல்கிறது என்று நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் அதைத் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"உங்களுக்கு" என்றார். தொடையில் தட்டாமல், தெளிவாகச் சொன்னார்.

சபையில் மூச்சு வந்தது. சம்பந்தி தன் தட்டை அவர் கையில் வைத்துவிட்டு எங்கள் தட்டுக்குக் கை நீட்டினார். கொடுங்க, கொடுங்க என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் கை வரவில்லை.