மோட்டாரைத் தள்ளிய இரண்டு கெப்பாசிட்டர்கள்

வாஷிங் மெஷின் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகியது. அந்தச் சத்தம் என்னை எங்கள் மலைக்கிராமமான பூண்டிக்கே கொண்டுபோய் விட்டது.

எங்கள் கேரட் கழுவும் மோட்டார் ஒருநாள் இப்படித்தான் முனகியது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி புறப்படும் நேரம்; மண்ணோடு கேரட் குவிந்து கிடந்தது. மோட்டாரைச் சுற்றவைக்கும் கெப்பாசிட்டர் கெட்டுப்போயிருந்தது; அதற்குப் பதிலாக, அதில் பாதி அளவுள்ள இரண்டு அப்பாவிடம் இருந்தன. டார்ச் லைட்டில் பேட்டரி போடுவதுபோல அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தார். அப்போதும் முனகல்தான்.

“சேத்துல மாட்டுன ஜீப்ப ஒருத்தர் பின்னால ஒருத்தர் நின்னுக்கிட்டா தள்ளுவீங்க? பக்கத்துல பக்கத்துல நிக்க வைங்க, வெரசா!” என்று அம்மா எரிச்சலில் கத்தினாள்.

அப்பா சிரித்துக்கொண்டே அவள் சொன்னபடி இணைத்து சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. யாரும் பிடிக்காத ஹோஸ் துள்ளியெழுந்து, அந்தக் குளிரில் அவரைத் தலையோடு குளிப்பாட்டியது. லாரிக்காரர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கெப்பாசிட்டர்களின் மொத்த அளவு தொடரிணைப்பில் குறையும், பக்க இணைப்பில் கூடும் என்று பிளஸ் டூவில் டீச்சர் சொன்னபோது, வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன்.

மெக்கானிக் வந்து வாஷிங் மெஷினைப் பார்த்தார். “கெப்பாசிட்டர் போயிருச்சு. அந்த அளவு கையில இல்லைங்க. சின்னதா ரெண்டு கெடக்கு.”

நான் வாய் திறப்பதற்குள், சோபாவில் இருந்த அம்மா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

“பக்கத்துல பக்கத்துல வைங்க தம்பி. வச்சுட்டுத் தள்ளி நின்னுக்கோங்க.”