வக்கீல் விற்ற பன்னீர்த் திராட்சை

கொரோனா வந்து கோர்ட்டைச் சாத்திய நாளிலிருந்து, ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் நம்ம சட்ட உதவி வக்கீல் செல்வம், கம்பம் மார்க்கெட் ஓரத்தில் மொபெட்டை நிறுத்தித் திராட்சை விற்கிறார். அவர் தராசு முள் நடுவில் நிற்பதற்குள் ஒரு யுகம் முடிந்துவிடும். அவ்வளவு நியாயஸ்தர்.

இன்று காலை என் அரைக் கிலோவுக்காக நான் தவமிருந்தபோது மல்லிகா வந்தாள். அவள் வீட்டைக் கொழுந்தன் பூட்டிக்கொண்டதால் தங்கச்சி வீட்டில் ஒண்டியிருக்கிறாள். வழக்கு செல்வத்திடம்தான்.

"வக்கீலய்யா, ஒங்கள மாதிரி இலவச வக்கீலுகளுக்கு சர்க்காருல நிவாரணம் போட்டாகளாமே, நெசமா?"

"நேத்தே வந்துருச்சுக்கா. கோர்ட்டும் தொறந்துட்டாக. திங்கக்கெழம ஒங்க வாய்தாவுக்குக் கோட்ட மாட்டிக்கிட்டு வந்துருவேன்."

மல்லிகா விட்ட பெருமூச்சில் மேகமலையே சற்று நகர்ந்து உட்கார்ந்தது.

"அப்ப இன்னைக்கு எனக்குத் திராட்ச வேணாம்."

"தெனமும் வாங்குவீகளே. பழம் சரியில்லையா?"

"யாருய்யா தின்னுபாத்தது? பொழப்பில்லாம நீங்க ஊரவிட்டுப் போயிட்டா எம் வீட்டுப் பூட்ட யாரு தொறக்குறது? அதுக்குத்தேன் வாங்குனேன். தங்கச்சி வீட்டு ஆடுதேன் அம்புட்டையும் தின்னுச்சு. இப்ப என் கையில பையப் பாத்தாலே திகட்டிப்போயி கயித்த அத்துக்கிட்டு ஓடுது."

எந்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அசராத செல்வம், தராசிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தார்.

ஆக, சட்ட உதவிக்கு முதலில் நிவாரணம் கொடுத்தவள் மல்லிகா. அரசாங்கம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

வழக்கைத் தின்றே காப்பாற்றிய அந்த ஆட்டுக்கு எந்த மனு போட்டு நிவாரணம் கேட்பது? சட்டம் தெரிந்தவர்கள் கமெண்டில் ஆஜராகவும்.