ஒன்றேகால் மணிப் பாட்டு

போன வாரம் கொண்டாப்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். கடைவாய்ப் பல்லில் வேர்வரை போய்விட்ட சொத்தை. ஊசி போட்டுவிட்டு, வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார் அந்த அம்மாள். நான் வலிப்பதற்கு முன்னாலேயே தூக்கிவிட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு ஈறில் வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பல்லை மறந்துவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் கிராம்புத் தைலம் என்றால் பல்வலி ஞாபகம் வரும். எனக்குச் சங்கீதம் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த கம்பெனி மாதாப்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். பதினோரு மணிக்கெல்லாம் கீழேயிருந்து வெங்காயம் பொரிகிற வாசனை ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் மூளை வேலை செய்யாது. நாங்கள் செய்துகொண்டிருந்தது இதுதான்: கடைகள், ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எல்லாம் பின்னணியில் ஏதாவது பாட்டு ஓடவேண்டும் என்று ஆசைப்படும், ஆனால் உரிமைக்காரர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயப்படும். ஆகவே, தானே இசையமைத்துத் தானே வாசித்துக்கொள்ளும் ஒரு புரோகிராம். யாருடைய பாட்டும் இல்லை, அதனால் யாரும் கேட்க வரமாட்டார்கள். யாரும் காது கொடுத்தும் கேட்கமாட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

முதலாளி பெயர் பிரசாத். விஜயவாடாக்காரர், சென்னையில் படித்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார்; எல்லாரையும் 'நீ' என்று பேசுகிற தமிழ். அவர் போகிற இடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "ஒரு தடவை கேட்டது மறு தடவை வராது. அதுதான் எங்க ஸ்பெஷல்."

நான்தான் ஒலி செய்கிறவன். ஒலி செய்வதற்கென்றே இருக்கிற ஒரு புரோகிராம் மொழியில், ஒன்றுமில்லாததிலிருந்து புல்லாங்குழல் வரவழைக்க வேண்டும். முதலில் ஒரு சாதுவான அலை. அதன் முதுகில் சின்னதாக இரண்டு அலைகள். ஊதுகிறவருடைய மூச்சு கேட்க வேண்டுமே, அதற்குக் கொஞ்சம் இரைச்சல். அந்த இரைச்சலை வடிகட்டி மெல்லிசாக்க ஒரு ஃபில்டர். மூன்று வாரம் மெனக்கெட்டு ஒருநாள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். கூடத் தங்கியிருந்த நண்பன் அடுப்படிப் பக்கம் ஓடினான். "மூணு விசில் ஆயிடுச்சுடா, அணைச்சிரவா?" என்றான்.

கோவில்பட்டியிலிருந்து அப்பா போன் பண்ணி என்ன வேலை என்று கேட்பார். நான் விளக்குவேன். கடைசியில் அவர், "ஏலே, கம்ப்யூட்டருக்குப் படிக்க வச்சா நீ பாட்டுக் கட்டிக்கிட்டா இருக்க?" என்பார். பாட்டுக் கட்டுவதாக இருந்தால்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கலாம். நான் கட்டவில்லையே, தாயக்கட்டைதான் உருட்டிக்கொண்டிருந்தேன். மோகனத்தின் ஐந்து சுவரங்கள். ஒரு சுவரம் முடிந்ததும் அடுத்தது எது என்று கம்ப்யூட்டர் கட்டை உருட்டிப் பார்க்கும். காந்தாரத்தில் நின்றால் பஞ்சமத்துக்குப் போக வாய்ப்பு அதிகம், ஒரேயடியாக மேல் ஷட்ஜத்துக்குத் தாவ வாய்ப்பு குறைவு என்பதுபோல விதிகள் எழுதி வைத்திருந்தேன். காலையில் ஆரம்பித்தால் மாலைவரை நிற்காது. முடிவு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிரசாத் அதையும் ஸ்பெஷல் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாடிக்கையாளர் மாரேட்பள்ளியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. வாடிக்கையாளர் என்று சொல்வது எங்கள் மரியாதைக்காக. மூன்று மாதம் இலவசம். வரவேற்பு மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரை வைத்து, சுவரில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டினேன். அந்த மேஜையில் இருந்தவர் கிருஷ்ணவேணி அக்கா. ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கணக்கு எழுத செகந்திராபாத் வந்த தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் பாதி இந்த ஊருடையது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"இது எப்ப நிக்கும் தம்பி?" இதுதான் என் இசையைக் கேட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை.

"நிக்காதுக்கா. நீங்க சாயங்காலம் சுவிட்சை அணைக்கற வரைக்கும் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும்."

"ஹவ்வா?" என்றார். பாராட்டு இல்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கூப்பிட்டார். போனேன். கிராம்புத் தைல வாசனை, உள்ளே இழைக்கிற இயந்திரத்தின் சத்தம், நாற்காலிகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர். மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். மேலே என் புல்லாங்குழல் காந்தாரம், பஞ்சமம், தைவதம் என்று ஏறி, மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு, சட்டென்று கீழே ரிஷபத்தில் வந்து நின்றது. மாடிப்படி ஏறிப்போனவர் எதையோ மறந்துவிட்டு இறங்கி வந்ததுபோல. அக்கா பதிவேட்டை மூடினார், டிபன் பாக்ஸை எடுத்தார்.

"எழுந்திரு தம்பி, சாப்பாட்டுப் பாட்டு வந்துடுச்சு. ரெண்டு வாய் சாப்பிடு."

"என்ன பாட்டு?"

"சாப்பாட்டுப் பாட்டு. ஒண்ணேகாலுக்கு வரும் பாரு. பத்து மணிக்கு டாக்டர் வர்ற பாட்டு, அது ஒரே குதியாட்டம். தண்ணி கேன்காரர் பாட்டு ஒண்ணு இருக்கு. அஞ்சு மணிக்கு ஒரு தும்மல் வரும்."

நான் மேஜை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தேன். "டெய்லியா வருது?"

"ஹவ், டெய்லி. இப்ப பாரு." தட்டில் தக்காளிச் சாதத்தை வைத்தபடியே அடுத்து வரப்போகிற நாலு சுவரத்தை முனகினார். நாலும் வந்தன. அதே வரிசையில், அதே இடைவெளியில்.

தப்பு எங்கே என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் நிஜமாகக் கட்டை உருட்டுவதில்லை. உருட்டியதுபோலத் தோன்றுகிற நீளமான எண் வரிசை ஒன்று வைத்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நாம் ஒரு எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேறு எண் கொடுத்தால் வேறு இசை. பிழை தேடுகிற வசதிக்காக நான் என் வீட்டு எண்ணை, முந்நூற்று ஏழை, நிரந்தரமாகக் கொடுத்து வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அக்கா தினமும் டாண் என்று ஒன்பது மணிக்கு சுவிட்சைப் போடுவார்; தினமும் அதே இசை. எந்த நோயாளியும் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் வந்து உட்கார்வதில்லை. ஆபீசில் நான் விதிகளைத் தினமும் மாற்றிக்கொண்டே இருந்ததால் அங்கேயும் தெரியவில்லை. உலகத்திலேயே என் இசையை முழுசாகக் கேட்ட ஒரே ஆள், அதை மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

தக்காளிச் சாதம் ருசியாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

பிரசாத்திடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாதே. இன்னைக்கே சரி பண்ணு. அடுத்த வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குரூப்போட பர்ச்சேஸ் மேனேஜர் அங்கதான் கேக்க வர்றார்," என்றார். ஒரே ஒரு வரி. அழித்தேன். மறுநாள் காலையில் மாரேட்பள்ளி போய்ப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் என் புரோகிராம் முதன்முதலாக, சொன்னபடி நடந்துகொண்டது. பைக்கில் திரும்பும்போது விசிலடித்துக்கொண்டே வந்ததாக ஞாபகம்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அக்காவிடமிருந்து போன்.

"கைக்கு மாத்தினே தம்பி?"

'கைக்கு' என்றால் 'ஏன்' என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் குரல் அப்படிக் கேட்டு அதற்குமுன் எனக்குப் பழக்கமில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து பாட்டு வரவே இல்லை. நான் வரும் வரும்னு எழுதிக்கிட்டே இருந்தேன். சுகர் மாத்திரை போட்டாச்சு, சாப்பிடல. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு, தரையில உக்காந்துட்டேன்."

அந்த ஆஸ்பத்திரியில் கடிகாரம் நோயாளிகள் பார்ப்பதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. டாக்டர் ஓடிவந்திருக்கிறார். உடனே இனிப்பு ஏதாவது கொடுக்க வேண்டும். பல் ஆஸ்பத்திரியில் இனிப்புக்கு எங்கே போவது? இனிப்பே தொடக்கூடாது என்று பத்து நிமிஷம் முன்னால் டாக்டரிடம் திட்டு வாங்கியிருந்த ஒரு நோயாளி, தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து சாக்லெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் வேலையைச் சரியாகச் செய்ததால் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். அன்று மதியமே போய் முந்நூற்று ஏழைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். பிரசாத்திடம் சொல்லவில்லை. அது தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். மேனேஜர் வருகிற நாளன்று காலையில் மட்டும் மாற்றிவிட்டு, அவர் போனதும் திருப்பி வைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

அவர் சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். "கிளம்பு, அவர் அங்க வந்துட்டார்," என்று பிரசாத் என்னைக் காரில் ஏற்றினார். வழியெல்லாம் நெரிசல். நாங்கள் உள்ளே நுழையும்போது ஒரு மணியாகப் பத்து நிமிஷம் இருந்தது; மேனேஜர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் நான் எப்படிப் போவேன்? பிரசாத் இந்தியில் தன் வாக்கியத்தை ஆரம்பித்தார். ஒரு தடவை கேட்டது மறு தடவை வராது. அவர் பேசப் பேச நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் போய்க் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டிபன் பாக்ஸைத் தொடாதீர்கள் என்று. ஏற்கெனவே ஒருமுறை சாப்பிடவிடாமல் செய்தவன் எந்த முகத்தோடு சொல்வது?

ஒன்றேகால். புல்லாங்குழல் ஏறியது, தொட்டது, இறங்கியது. அக்கா பதிவேட்டை மூடினார்.

"சார், சாப்பாட்டுப் பாட்டு வந்துடுச்சு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்," என்றார் இந்தியில்.

மேனேஜர் கண்ணைத் திறந்தார். "சாப்பாட்டுப் பாட்டா? தினமும் வருமா?"

"ஹவ் சார். நடுவுல கெட்டுப்போச்சு. இந்தத் தம்பிதான் வந்து சரி பண்ணிக் கொடுத்துச்சு."

பிரசாத் என் பக்கம் திருப்பிய பார்வையை நான் எழுதப்போவதில்லை.  மேனேஜர் நாற்காலியின் கையைத் தட்டினார். "இதுதான் எனக்கு வேணும்! தினமும் புதுசு புதுசா வந்தா யாருக்கு என்ன லாபம்? ஷிஃப்ட் மாற ஒரு பாட்டு, பார்வையாளர் நேரம் முடிய ஒரு பாட்டு. ஸ்டாஃபுக்குத் தானாப் பழகிடும். கொடுக்க முடியுமா?"

ஒரு நொடிகூட ஆகவில்லை. "அதுதான் சார் எங்க ஸ்பெஷல்," என்றார் பிரசாத்.

காரில் திரும்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை. கீழே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே முந்நூற்று ஏழாம் எண் இசையை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணிவரை அப்படியே பதிவு செய்து வட்டுகளில் ஏற்றினோம். அந்தக் குரூப்பின் நாலு ஆஸ்பத்திரிக்கும் அதேதான். பிறகு கேட்டு வந்த இரண்டு ஓட்டல்களுக்கும் அதேதான். பதிவு செய்த பாட்டு கையில் இருக்கும்போது பாட்டுக் கட்டுகிற புரோகிராம் எதற்கு? அதை எழுதுகிறவன் எதற்கு? இரண்டு மாதம் கழித்துப் பிரசாத் என்னை உட்கார வைத்து, மனசாரச் சொன்னார்: "நீ பண்ணின மியூசிக் அவ்வளவு நல்லா அமைஞ்சுபோச்சு. இனிமே புதுசா எதுவும் தேவையில்லை." இவ்வளவு உயர்வான பாராட்டு எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் சம்பளப் பட்டியல் போடுகிற சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இன்றுவரை அதே தொழில்தான். அப்பாவுக்குப் பரம திருப்தி.

இப்போது அந்த மூன்றாவது மாடியில் யோகா வகுப்பு நடக்கிறது. நாலு ஆஸ்பத்திரியிலும் சுவருக்குச் சுவர் டிவி. வட்டுகளை யார் எங்கே எறிந்தார்களோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புரோகிராமைத் தேடி எடுத்து, புது கம்ப்யூட்டரில் முந்நூற்று ஏழு கொடுத்து ஓடவிட்டேன். ஓடியது, ஆனால் வேறு ஏதோ வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் அந்த மொழியில் எண் வரிசை போடுகிற முறையையே மாற்றிவிட்டார்களாம். ஒன்றேகால்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஏறவில்லை, இறங்கவில்லை. முனகிப் பார்க்கலாம் என்றால் காந்தாரம், பஞ்சமம் என்று பெயர்தான் வாயில் வருகிறது, பாட்டு வரவில்லை.

அப்புறம் ஒருநாள் மோண்டா மார்க்கெட்டில் கிருஷ்ணவேணி அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வேலையை விட்டு நாலு வருஷம் ஆயிற்றாம். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டதாம். என்னை அடையாளம் கண்டுகொண்டதே பெரிய விஷயம். ஆசையோடு கேட்டேன்: "அக்கா, அந்தச் சாப்பாட்டுப் பாட்டு எப்படி வரும்? கொஞ்சம் முனகிக் காட்டுங்களேன்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். எனக்காக நிஜமாகவே யோசித்தார்.

"நக்கோ தம்பி, அதெல்லாம் மறந்துபோச்சு. இப்ப வீட்டுலதானே இருக்கேன். பசிச்சா சாப்பிட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு, புளிச்சக் கீரைக் கட்டை உதறிப் பார்த்து, அழுகல் இல்லாததாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் நடந்து போனார்.