உலைத் துருத்தியில் வந்த குளிர்காற்று

கரும்பாலை உருளையும் கிணற்றில் நீர் இறைக்கும் கமலைச் சக்கரமும் வார்க்கிற பட்டறையில் தை, மாசியில் உட்கார நேரமிருக்காது. சித்திரையில் எழுந்திருக்கக் காரணமிருக்காது.

பி.ஏ. தேறி, வண்ணார்பேட்டையில் அப்படியொரு பட்டறைக்குக் குமாஸ்தாவாக வந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுதிப் பிழைக்க வந்த முதல் ஆள் நான். கருப்பட்டி விற்கும் என் அப்பா, சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மகன் மேனேஜர் என்று சொல்லிவைத்திருந்தார். அந்தச் சித்திரையில் உலையை அணைத்த அன்றே முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். வெயிலோடு வேலை போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்து வேர்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அவர் சொன்னது உங்கள் காதிலும் கேட்கும்: "உலை தூங்குத வரைக்கும் பி.ஏ. எதுக்குவே? வைகாசிக்குள்ள உமக்குன்னு ஒரு சோலியக் காட்டும். இல்லேன்னா ஊருக்குப் போயிட்டு ஆவணியில வந்து பாரும்."

காளை கண்ட காற்று

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. வார்ப்பு மேஸ்திரி சுடலைமுத்து சொல்லிக் கேட்டது. எங்கள் உலைக்குத் தோல் துருத்தி கிடையாது. இரும்புக் கூட்டுக்குள் விசிறி இதழ்கள் சுழலும் சீமைச் சாமான். கைப்பிடியைச் சுற்றினால் குழாய் வழியே காற்றுச் சீறும். சக்கரத் துருத்தி என்போம். நான் வருவதற்கு முந்தின கோடையில், தீ இல்லாத நேரத்தில், எண்ணெய் போட்டுவிட்டு மேஸ்திரி அதைச் சும்மா சுற்றிப் பார்த்தாராம். உருளை வாங்க வந்த சாத்தான்குளத்து வண்டிக்காளை ஒன்று குழாய் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றதாம். வண்டிக்காரர் வாலை முறுக்கியும் அசையவில்லையாம்.

எனக்குள் ஏதோ சுழன்றது. நெருப்புக்குப் போகிற காற்றை மனுஷருக்குத் திருப்பினால் என்ன? வாடகைக்கு விட்டால் எனக்கும் சோலி, உலை அணைந்ததும் வீட்டுக்குப் போகிற ஆட்களுக்கும் சோலி. மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாட்டுக்குத் தெரிஞ்சது பி.ஏ.வுக்கும் தெரிஞ்சிட்டுதே!"

கறுத்த திருநீறு

முதல் சோதனை முதலாளி வீட்டில். அங்கே நெல் போடும் உள்ளறை எப்போதும் இருட்டாக, குளுகுளுவென்றிருக்கும். அதன் வாசலில் துருத்தியை வைத்து, கூடத்தை நோக்கிக் குழாயைத் திருப்பினோம். அண்ணாச்சி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, குழாய்க்கு நேரே மணை போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி கைப்பிடியைச் சுற்றினார். குழாய்க்குள் பல மாதமாகப் படிந்திருந்த கரித்தூள் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பி அண்ணாச்சி மேல் இறங்கியது. கண் இரண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

துருத்தியின் இதழை எண்ணத் தெரிந்த எனக்கு, குழாயைக் கழுவத் தோன்றவில்லை. அப்பாவின் முகம் மனதில் வந்து நின்றது. அண்ணாச்சி வாயைத் திறக்குமுன், தூணுக்குப் பின்னால் நின்ற ஆச்சி, அவர் மனைவி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னே வந்தார். குழாய் வாயில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திருநீறு கறுத்தாக் கறுத்துட்டுப் போகுது, காத்து குளுந்துல்லா வருது. கழுவிட்டு இன்னொருக்கச் சுத்தச் சொல்லுங்க."

கல்லிடைக்குறிச்சிப் பந்தி

கழுவிய குழாயோடு கல்லிடைக்குறிச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அக்கிரகாரத்து வீட்டின் கொல்லையை ஒட்டி வாய்க்கால் ஓடியது. அங்கே, வேப்பமர நிழலில் துருத்தியை நிறுத்தி, பனையோலைப் பாயைச் சுருட்டித் தைத்த நீளக் குழாயைக் கூடம் வரை கொண்டுபோனேன். சுற்றியதும் காற்று ஹோமகுண்டத்தில் பாய்ந்தது. தீ ஆள் உயரம் எழும்ப, புகை முழுதும் மாப்பிள்ளை முகத்துக்குப் போனது. "ஓய், எங்கே வெச்சாலும் இது நெருப்பைத் தேடிண்டு போறதே!" என்று வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

அவர் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து அது செய்த வேலை அதுதானே. குழாயைப் பந்தி நடக்கும் தாழ்வாரத்துக்குத் திருப்பி, இலை பறக்காதபடி பைய சுற்றச் சொன்னேன். முதல் பந்தி பாயசம் முடித்தது, மோரும் முடித்தது, கையும் காய்ந்தது, ஒருவரும் எழவில்லை. இரண்டாம் பந்திக்காரர்கள் வாசல் வெயிலில் நின்று முறைத்தார்கள். பெண்ணின் தகப்பனார் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார். அந்த வார்த்தையை இன்றைக்கும் நான் பட்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்: "சித்த நிறுத்தும் ஓய், உம்ம காத்து இருக்கிற வரைக்கும் இவா எழுந்திருக்க மாட்டா!"

வேர்க்காத குச்சி

பிறகு டவுனில் ஒரு வக்கீல் கூப்பிட்டனுப்பினார். அவர் கோடை முழுவதற்கும் துருத்தியை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் என் வேலை நிலைக்கும். அண்ணாச்சியும் கூட வந்தார். வழியெல்லாம், "பனி மாதிரி குளுரும்னு அடிச்சுச் சொல்லும்வே" என்று பாடம் நடத்தினார். அந்த வீட்டிலோ வாய்க்காலும் இல்லை, இருட்டறையும் இல்லை. அறைக்காற்றையே அறைக்குள் சுற்றவேண்டியதுதான்.

"எவ்வளவு குளுரும்?" என்றார் வக்கீல். பொய் தொண்டை வரை வந்தது. "இது காற்றைக் குளிரவைக்காது ஐயா. குளிர்ந்த இடம் இருந்தால் அங்கிருந்து கொண்டுவரும். இங்கே சும்மா வீசும்" என்றேன். அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார். வக்கீல் எழுந்துபோய் வெப்பமானியைக் கொண்டுவந்து குழாய்க்கு நேரே பிடித்தார். பாதரசம் அசையவே இல்லை. "மாற்றமில்லை ஐயா" என்று நானே படித்துச் சொன்னேன். ஊருக்குப் போகும் வண்டி கண்ணில் தெரிந்தது.

அவர் வெப்பமானியை மேசையில் போட்டுவிட்டு, கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழாய்க்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இந்தக் கண்ணாடிக் குச்சிக்கு வேர்க்காதுவே, எனக்குல்லா வேர்க்குது. கோடை முடியுத வரைக்கும் துருத்தி இங்கனயே கிடக்கட்டும்."

திரும்பும் வழியில் அண்ணாச்சி, பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்: "ஊருக்குப் போவாண்டாம். இன்னும் ரெண்டு துருத்திக்கு எழுதிப்போடும், மேனேஜரே."

மறுபடியும் காளை

ஆடியில் ஒரு வேலையாகச் சாத்தான்குளம் போனபோது, அந்த வண்டிக்காரரைத் தேடிப்பிடித்தேன். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த காளைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றுதான். காளை குழாய் வாயில் நின்றது நிஜந்தானா என்று கேட்டேன். நிஜந்தான் என்றார். "காத்துக்காகவா? நல்லாக் கேட்டிய போங்க! அந்தக் குழாய்க்கு அடியிலதான நான் பருத்திக்கொட்டைக் கூடைய வச்சிருந்தேன்."

ஆக, என் பட்டமும் அப்பா சந்தையில் சொல்லிவைத்த மேனேஜர் உத்தியோகமும் அந்தக் கோடையில் நின்றது ஒரு கூடைப் பருத்திக்கொட்டையின் மேல்தான் என்றாலும், பந்தியில் வீசிய காற்று மட்டும் என்னுடையது.