எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டிய மெக்சிகோ தேநீர்

யுத்தம் தொடங்கிய வருஷம், ஐப்பசி அடைமழையில், ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் அப்போது சேலத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எதைப் படித்தாலும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. சும்மா இருக்கத் தெரியாது.

அப்பா இறந்த பிறகு தறிக்குழியில் இறங்கியவள் என் தங்கை. என் படிப்பு நிற்கக் கூடாதே, அதற்காக. மழைக்காலத்தில் குழி நசநசவென்று ஊறிக் கிடக்கும். அந்த ஈரத்தில் வெறுங்காலை வைத்துத்தான் மிதித்து நெய்வாள். அந்தத் தடவை லீவுக்கு வந்தவன் அவளைப் பார்த்துப் பதறிப்போனேன். முகம் வெளுத்து ஊதியிருந்தது. நகமெல்லாம் வெள்ளை. தறியில் நூல் ஓட்டும் நாடாவைக் கொஞ்சம் தள்ளினாலே மூச்சு வாங்கிற்று. குழிச்சுவரில் மண்ணைச் சுரண்டி யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள். கொக்கிப்புழு! பாடத்தில் படித்திருக்கிறேன். ஈரமண்ணிலிருந்து பாதம் வழியே ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

ஆஸ்பத்திரி என்றதுமே அம்மா சீறினாள். "வயசுக்கு வந்த புள்ளைய ஆம்பள டாக்டரு தொட்டுப் பாக்கறதா? நாளைக்கு எந்த ஊட்டுல இருந்து பொண்ணு கேட்டு வருவாங்க?"

அப்போதுதான் அந்தச் செடி நினைவுக்கு வந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலையடிவார ஓடையோரம் மண்டிக் கிடக்கும். மண்ணெண்ணெய் நெடி அடிக்கும். ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, இங்கிலீஷில் 'மெக்சிகோ தேயிலை' என்றே பெயர் என்று தாவர வாத்தியார் ஒருமுறை காட்டியிருந்தார். அன்றைக்கே புத்தகசாலையில் மெக்சிகோ பற்றி ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தேன். அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பில் ஒரு மண்சட்டி இருக்குமாம். வயிற்று வலிக்குச் சாமந்தி மாதிரி ஒரு பூ, தூக்கம் வராதவருக்கு ஆரஞ்சு இலை, பயந்துபோனவருக்கு ஒரு மூலிகை, புழுவுக்கு இந்த இலை. வெந்நீரில் நாலைந்து இலையைப் போட்டு, மூடி வைத்து, வடிகட்டிக் குடிப்பார்களாம்.

மறுநாளே பஸ் ஏறிப் போய் ஒரு கட்டுப் பறித்து வந்தேன். தங்கைக்கு இந்தக் கதையெல்லாம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பயந்தவங்களுக்குக்கூட எலை இருக்குதாண்ணா? அம்மாளுக்கு அதுல ரெண்டு கட்டு கொண்டாந்திருக்கலாமே!"

அம்மா சிரிக்கவில்லை. "வெந்நியில எலையப் போட்டு எடுக்கறதெல்லாம் மருந்தா சாமி? அது கை கழுவற தண்ணி."

எங்கள் பக்கத்தில் கஷாயம் என்றால் எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும். அம்மா அப்படித்தான் சுண்ட வைத்தாள். அதுவும் போதாதென்று, கதிரையும் விதையையும் அம்மியில் நசுக்கிச் சாறு பிழிந்து அதில் விட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வியாதி பெரிதாயிற்றே, மருந்தும் கெட்டியாக இருக்க வேண்டாமா?

மருந்து கொண்டுவந்தவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தங்கை அதோடு விடுகிறவளா?

"ஒரு வாயெல்லாம் ஏமாத்து வேல. நீங்க பாதி, நான் பாதி. குடிங்க மெக்சிகோ தொரை!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி டம்ளரை விழுங்கினேன். தொண்டை எரிந்தது.

"எப்படிண்ணா இருக்குது?"

"தேனாட்டம்."

"பொய்யி. மூஞ்சியே சொல்லுது. ஆறட்டும், அப்பறம் குடிக்கறேன்."

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நூல் சுற்றப் போனாள்.

முதலில் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம். பிறகு தெரு முழுக்க இருக்கும் தறிகள் எல்லாம் என் தலைக்குள் ஓடுவது போல் இரைச்சல். தரை சாய்ந்தது. வாந்தி எடுத்தேன். அவள் திரும்பி வந்து டம்ளரைக் கையில் எடுப்பது தெரிந்தது. நான் தட்டிவிட்டேனா, கைகால் இழுத்ததில் தானாகப் பட்டதா, இன்றுவரை தெரியாது. கஷாயம் தறிக்குழிக்குள் கொட்டிப் போயிற்று.

கண் விழித்தபோது சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. கதவு சாத்தினார்கள், அதற்கும் சத்தம் இல்லை.

தங்கையைத் தனியாக வீட்டில் விட முடியாமல் அம்மா கூடவே கூட்டி வந்திருந்தாள். என்னைப் பார்க்க வந்த டாக்டர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அம்மா தடுக்கவில்லை. தடுக்க அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

மறுநாள் காலை என் கட்டிலுக்கு எதிரே, தாழ்வாரத்தில் அவளை உட்கார வைத்தார்கள். ஒரு நர்ஸ் சின்னக் குப்பியிலிருந்து ஒரு கரண்டிச் சர்க்கரையில் சொட்டுச் சொட்டாக எண்ணி எண்ணெய் விட்டாள். காற்றில் நெடி வந்தது. மண்ணெண்ணெய் நெடி. அதே செடி!

"குடிக்காதே!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து ஓடப் பார்த்தேன், இரண்டு பேர் பிடித்து அழுத்தினார்கள். என்னையே பார்த்துக்கொண்டு தங்கை வாயைத் திறந்தாள். இந்தத் தடவை யாரையும் குடித்துக் காட்டச் சொல்லவில்லை.

அன்று முழுக்க அவள் காதைப் பொத்திக்கொள்கிறாளா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். பொத்திக்கொள்ளவில்லை. பேதி மருந்தும் கொடுத்தார்கள். புழு விழுந்தது. மாசிக்குள் அவள் உதட்டில் சிவப்பு திரும்பிற்று.

எனக்கு வலது காது போனது போனதுதான். இடது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ முனகல் மாதிரி விழும். காலேஜை விட்டுவிட்டேன். ஈரம் காலில் படாமல் குழியில் பலகை பரப்பி இப்போது நான்தான் நெய்கிறேன். தறி அடிக்கும் சத்தம் காதில் விழாது, பாதத்தில் ஏறும். தங்கைக்குப் போன தையில் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆம்பளை டாக்டர் தொட்டதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிதாக எதையாவது படித்தால் செய்து பார்க்கும் ஆசை இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது எந்த ஊர் வழக்கமோ அந்த ஊர்க்காரர்கள் அதை எந்த மட்டில் நிறுத்துகிறார்கள் என்று இப்போதெல்லாம் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்டுவிடுகிறேன், பதிலைத்தான் தங்கை என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.