கோ அண்ட் கம்

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மாப்பிள்ளைமார் கனடாவில்தான், ஒரே வாடகை வீட்டில், அடுத்தடுத்த அறையில். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், அவளுக்கு ஒன்று. எங்களை நிரந்தரமாகக் கூட்டிப்போக ரெண்டு பேருமே ஸ்பான்சர் பேப்பர் போட்டாயிற்று. அது எப்போது வருமென்று ஆருக்கும் தெரியாது. அதுவரைக்கும் போய்ப் பார்க்கவாவது விசிட்டர் விசா கேட்போமே என்று, பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஒரே ஆட்டோவில் போனோம்.

எதற்குப் போகிறோம் என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். நான் எம்.ஏ. படித்த இங்கிலீஷ் டீச்சர் ஆக்கும். சேர்ந்திருந்தது நாற்பதே நாள், இனியாவது என் கணவரோடு வாழ வேண்டும் என்று பிழையில்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்து எனக்கே கண் நிறைந்தது.

அவள் பனச்சமூட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். அவளுடையது நாலே வரி. கடைசி வரி, 'ஐ வில் கோ அண்ட் கம்.'

"இது என்னட்டி?"

"போயிட்டு வாறேன்னு எழுதினேன்க்கா. போறேன்னு சொல்லப்பிடாதுல்லா?"

வீட்டுப்படி இறங்கும்போது சொல்வதைப் போய் விசா அதிகாரிக்கு எழுதி வைத்திருக்கிறாள்! கடைக்காரர் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வரியை அடிச்சிரு, நான் நல்லா எழுதித் தாறேன் என்றேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

அவளுக்கு விசா வந்தது. எனக்கு மறுப்பு வந்தது. தங்கும் காலம் முடிந்ததும் நான் திரும்பிப் போவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். பின்னே எப்படி வரும்? ஒன்றரைப் பக்கத்தில் ஓரிடத்திலாவது திரும்பி வருவேன் என்று நான் எழுதினேனா?

புறப்படுவதற்கு முந்தைய நாள் வந்து நின்றாள்.

"அண்ணனுக்கு என்ன கொண்டு போவணும்க்கா? மெலிஞ்சிருக்காரா தடிச்சிருக்காராண்ணு நேர்ல பாத்துச் சொல்லுதேன்."

நேரில்! என் மாப்பிள்ளையை எனக்கு முந்தி இவள் பார்ப்பாள். அவள் நல்ல மனசோடுதான் கேட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏத்தவாழைக்காய் வற்றல் ஒரு பொட்டலம் கொடுத்தேன். "கறி ஒண்ணும் வச்சுக் கொடுத்துராத, அவருக்கு வயிறு சரியில்ல" என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். அந்த மனுஷனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

மறுநாள் காரில் ஏறியவள் அழுகிற அவசரத்தில், "போறேன்க்கா" என்றாள். அப்போதுதான் அவளைத் திருத்தியிருக்க வேண்டும். ஊரையே திருத்துகிற நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடியோ காலில் அவர் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"மீன்கறி அப்படியே நம்ம ஊர் ருசி, கேட்டியா! எனக்கு வயிறு சரியில்லண்ணு அவகிட்ட ஆரு சொன்னா?"

பின்னால் நின்று அவள் கையாட்டினாள். நெட் போச்சு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை என் கடிதமும் நாலு வரிதான். கடைக்காரர் கடைசி வரியில் விரலை வைத்து, "டீச்சரே, இது தப்பில்லையா?" என்று கேட்டார்.

"தப்பொண்ணும் இல்ல. அப்படியே இருக்கட்டு" என்றேன்.