எள் தூவாத சோறு

எங்கள் சமையலறையில், அரிசி டிரம்முக்கு மேலே ஓர் ஆணியில் சின்ன மூங்கில் பாய் ஒன்று தொங்குகிறது. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்த அகலம்தான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், சூடான பாத்திரத்துக்கு அடியில் வைப்பது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுருட்டுகிற பாய் இது என்று ஆரம்பித்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில் அதற்கெல்லாம் தெம்பு இருப்பதில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் மாடியில் குடியிருந்த ஜப்பான் பெண்மணியின் பாய் அது. ஆசிரமத்துக்கென்று திருவண்ணாமலை வந்தவர்; என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வந்த புதிதில் எங்கள் வீட்டுச் சோற்றைப் பார்த்து அவர் சோர்ந்துபோனார். பழைய அரிசியைக் கஞ்சி வடித்து, பருக்கை பருக்கையாக உதிர வைப்பதுதான் எங்களுக்குப் பெருமை. அவருக்கோ சோறு ஒட்ட வேண்டும். கீழ்பென்னாத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. புது நெல்லை அரைத்தால் சோறு குழையும், வயிற்றுக்கும் ஆகாது என்று என் மாமியார் அதை ஒரு வருஷம் மூட்டையிலேயே வைத்திருப்பார். அந்தப் புது நெல்லில் கொஞ்சம் பச்சரிசியாக அரைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். வடிக்காமல் பொங்கிய சோற்றில் ஒரு பருக்கையை வாயில் போட்டவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றே எனக்கும் சுஷி என்கிற சோற்றுச் சுருளைக் கற்றுக்கொடுத்தார். கடை வினிகர் மூக்கைப் பொசுக்கியதால் எலுமிச்சம்பழச் சாற்றில் சர்க்கரையும் உப்பும் கரைத்துச் சோற்றில் விட்டு, பனையோலை விசிறியால் விசிறி ஆறவைக்க வேண்டும். பாயின் மேல் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த, கடற்பாசியைக் காயவைத்துச் செய்த தாள், அதன் மேல் சோறு. அவர்கள் மீன் வைப்பார்களாம். எங்கள் வீட்டில் மீன் நுழையாது என்பதால் வெள்ளரிப் பிஞ்சும் கேரட்டும் வைத்தோம். நான் சுருட்டியது பாயைத் திறந்ததும் வாயைப் பிளந்தது. வீட்டுக்கே வடித்துக்கொட்டுகிற கை, அள்ளி வைத்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பாதிச் சோற்றை எடுத்துவிட்டு, ஈரக் கையால், அழுத்தாமல் பரப்பச் சொன்னார்.

ஆனால் என்னை மாடிக்கு இழுத்தது சுஷி இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் நசுங்கி வந்து படியேறினால், "வேல போதும். உக்காருங்க" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான். சின்னத் தட்டில் ஆறு துண்டு வைப்பார். சாப்பிடும் முன் கை கூப்புவார். விளைவித்தவர், சமைத்தவர் எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொல்ல அவர்கள் ஊரில் அப்படித்தானாம். தினமும் மூன்று வேளை சமைத்த எனக்கு அதுவரை யாரும் நன்றியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் நாள் அவரைப் பார்த்து நானும் கை கூப்பினேன்.

அந்தத் தட்டுச் சோற்றையும் இழக்கப் பார்த்தேன். என் கணவர் மஞ்சள் காமாலை முற்றி, வேலூரில் படுத்துக் கிடந்து பிழைத்து வந்திருந்த சமயம். அன்று பௌர்ணமி. நாங்கள் கிரிவலம் போகப்போவதாகச் சொல்லியிருந்ததால், மாடி அக்கா வழிக்கு என்று சோற்றை உருண்டை பிடித்து, மேலே கறுப்பு எள் தூவி, வாழையிலையில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். மாமியார் பார்த்துவிட்டார். எள்ளும் சோறும் உருண்டையும் வாழையிலையும். எங்கள் கண்ணுக்கு அது பிண்டம்தான்.

"என் புள்ள இப்பதான் பொழச்சி வந்துகிறான். அதுக்குள்ள இத எடுத்துனு வராங்களே. மொதல்ல மாடிய காலி பண்ணச் சொல்லு."

"அது வழியில சாப்புடுற சோறு அத்தை. நம்ம புளிசாதம் மாதிரி."

"அவங்க ஊர்ல இருக்கட்டும். எள்ளு எள்ளுதான்."

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்குமே இலையைப் பார்த்ததும் முதலில் பிண்டம்தான் நினைவுக்கு வந்தது. இருந்தும், "ஆபீஸ்ல இருந்து வந்தா என்னை உக்காரவச்சி ஒரு தட்டு சோறு போடறது அவங்க மட்டும்தான் அத்தை" என்று சொல்லிவிட்டேன். மாடி அக்காவுக்கு நான் ஜாடையில் விளக்கியதும் முகம் வெளுத்து, மாமியார் முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். "எங்க ஊரும்... செத்தவங்க, சோறு வெப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் மாமியார் முகம் பார்க்காமல் சொன்னார்: "எள்ளு வேணாம், உருண்டை புடிக்க வேணாம். அந்தப் பாயில சுருட்டறத சுருட்டிக்கட்டும்."

அதன் பிறகு இருந்த வருஷங்களில் மாடி அக்கா எள் டப்பாவைத் திறந்ததே இல்லை. ஊருக்கே திரும்பிப் போகும்போது பாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாடிக்கு வேறு யார் யாரோ குடிவந்தார்கள்.

போன வருஷம் மாமியார் போய்விட்டார். முதல் திதிக்குக் குளக்கரையில் என் கணவர் பிடித்த பிண்டம் கையிலேயே உதிர்ந்தது. வழக்கம்போல உதிரியாக வடித்த சோறு. ஐயர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். நான் சோற்றை வாங்கிக் கொஞ்சம் மசித்து, கையை நனைத்து, அழுத்தாமல் திருப்பித் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்றும் உடையவில்லை.

"எங்க கத்துக்கின?" என்றார் கணவர்.

"மாடியில" என்றேன்.

அன்று சாயங்காலம் வந்தவர்களை பஸ் ஏற்றிவிடக் கணவர் போயிருந்தார்; வீடு காலியாக இருந்தது. உடம்பெல்லாம் வலி. இருந்தாலும் பாயை எடுத்தேன். கடற்பாசித் தாளுக்கு எங்கே போவது? பச்சரிசியை வடிக்காமல் பொங்கி, அந்த வெறும் சோற்றிலேயே வெள்ளரி வைத்துச் சுருட்டினேன். ஆறு துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கி, காலையில் மிஞ்சிய எள்ளை மேலே தூவினேன். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்து கை கூப்பினேன். ஒரு துண்டு சாப்பிட்டதும், 'எள்ளு எள்ளுதான்' என்று மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. மீதித் துண்டுகளிலிருந்து எள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டு முடித்தேன். பிறகு பாயைக் கழுவி ஆணியில் மாட்டினேன்.